சோதனைத் தாளின் ஒன்பதாவது கேள்வி

நான் ஏழு வருஷம் வேலை பார்த்த பதுளை கராஜில் இப்போது வண்டிச் சோதனைத் தாள் எழுதும் பெண்ணிடமிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. சோதனைத் தாளில் உள்ள ஒன்பதாவது கேள்வியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாள். “வண்டி கடைசியாக எப்போது, எங்கே கழுவப்பட்டது?” என்பது அந்தக் கேள்வி. டிரைவர்மார் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். “குளிச்சது எப்பன்னு எங்களையும் கேப்பீங்களா?” என்கிறார்களாம். புது வண்டிகளுக்கெல்லாம் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது, இனி அந்தக் கேள்வி எதற்கு என்று எழுதியிருந்தாள். அவள் கேட்டதில் நியாயம் உண்டு.

இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. அந்தக் கேள்வியைத் தாளில் சேர்த்தவள் நான். எதனால் சேர்த்தேன் என்பதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கல்யாணமாகிப் பண்டாரவளைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலையை விட்டவள் சொல்வதால் யாருக்கும் இனிக் கெடுதல் வராது.

முதலில் நான் அங்கே எப்படிப் போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஆலையில், இன்ஜின் பார்த்தவர். நான் மிஷன் பள்ளியில் இங்கிலீஷும் கணக்கும் படித்தேன். துரைமாருக்கு இங்கிலீஷில் தாள் எழுதித்தர ஆள் வேண்டுமென்று கராஜ் மேஸ்திரி காசிம் பாஸ் அப்பாவிடம் கேட்டார். அப்போது காசிம் பாஸ் லண்டனிலிருந்து தபாலில் வரும் மோட்டார் பாடத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். பாடங்களைப் படித்ததும், படம் வரைந்ததும், கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பியதும் நான். சான்றிதழ் அவர் பெயரில் வந்து சுவரில் தொங்கியது. “படிச்சது கிளாக்கர் புள்ள, தேறினது நான்” என்று வருகிறவர்களிடம் அவரே சொல்வார். இரண்டு வருஷத்தில் இன்ஜினைப் பிரித்தால் எது எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

காசிம் பாஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய பழக்கங்களில் ஒன்றுதான் இந்தக் கதையின் வேர்.

அவர் அழுக்கு வண்டியைத் தொடமாட்டார். கராஜ் வாசலில் மூன்று மொழியில் பலகை இருந்தது: கழுவாத வண்டி ஏற்கப்படாது. வண்டி வந்து நின்றதும் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மட்கார்டின் உள்பக்கம் துடைப்பார். துணி சிவந்தால் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான், அது துரையின் வண்டியானாலும். சேறு படிந்த வண்டியில் நோய் தெரியாது, முகம் கழுவாதவனை டாக்டர் பார்ப்பாரா என்பார். சுத்தமான வண்டியை மாலையில் வாங்கி, ஓயா என்கிற ஆற்றை ஒட்டிய கல் கொட்டகைக்குள் ராத்திரி முழுக்க வைத்திருப்போம். புழுதி கிளம்பாமலிருக்கக் கொட்டகையின் மண் தரைக்குத் தண்ணீர் தெளித்திருக்கும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது, சோதனை.

உதறும் வண்டியைச் சோதிப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. வண்டிக்காரர் ஓட்டுவார். பாஸ் பின் சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு உள்ளங்காலையும் அடிப்பலகையில் பதித்து, கண்ணை மூடிக்கொள்வார். அதன் பிறகு அவர் பேசமாட்டார். உதறல் தொடங்கினால் ஒரு விரல் உயரும். நின்றால் விரல் தாழும். முன் சீட்டில் நான் தாளும் அவருடைய பைக் கடிகாரமுமாக உட்கார்ந்து, விரல் உயர்ந்த இடத்தையும் வேகத்தையும் குறிப்பேன்.

தாளில் அப்போது எட்டுக் கேள்விகள். வெளித்தோற்றம் எப்படி. எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது. உதறல் தெரிவது ஸ்டீயரிங்கிலா, அடிப்பலகையிலா, சீட்டிலா. கையில் தெரிந்தால் முன்சக்கரங்களைப் பார்க்க வேண்டும், முதுகில் தெரிந்தால் பின்பக்கத்தை. கிளச்சை மிதித்தால் அடங்குகிறதா. அடங்கினால் கோளாறு இன்ஜின் பக்கம். இன்ஜினையே நிறுத்தி, வண்டியைத் தானாக ஓடவிட்டாலும் உதறுகிறதா. உதறினால் கோளாறு சாலையைத் தொட்டுச் சுழலும் ஏதோ ஒன்றில். இடப்பக்க வளைவில் கூடுகிறதா, வலப்பக்கத்தில் கூடுகிறதா. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்கள் மேல் சாயும். ஆகவே எந்த வளைவில் கூடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரம். பிரேக் பிடித்தால் மாறுகிறதா. எட்டாவது, வண்டியில் என்ன பாரம், எந்த இடத்தில். இந்த எட்டுக்கும் விடை கிடைத்தால் வண்டியைப் பிரிக்காமலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். பத்தில் ஒன்பது வண்டிக்குச் சொல்லியும் இருக்கிறோம்.

இனி அந்த வண்டி.

அது மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குச் சொந்தம். யுத்தத்துக்கு முன் வந்த பழைய வண்டி, நாலும் மரச் சக்கரம். டிரைவர் முத்தையா, நாற்பது வயதிருக்கும், அதற்கு முன் அதே தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். ஆடி மாதத்தில் ஒரு மாலை வண்டியைக் கொண்டுவந்தார். கண்ணாடி போலத் துடைத்திருந்தார். பாஸின் வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பியது.

மலையிலிருந்து இறங்கிய பிறகு சமவெளியில்தான் உதறுகிறது என்றார். வேகமாகப் போனால் உதறல், மெதுவாகப் போனால் அடியிலிருந்து யாரோ தட்டுகிற மாதிரி சத்தம். தோட்டத்துக்குப் போன அன்றைக்கு ஒன்றும் இருக்காது, நாலைந்து நாள் கழித்துத்தான் வரும் என்றும் சொன்னார். அதை நான் தாளில் எழுதவில்லை. எட்டுக் கேள்விகளில் அதற்கு இடம் இல்லை.

மறுநாள் காலை பதுளைச் சாலையில் ஓட்டினோம். பாஸின் விரல் ஒரு முறைகூட உயரவில்லை. நான் எழுதினேன்: குறை எதுவும் இல்லை. பாஸ் கையெழுத்திட்டார்.

ஆவணி நடுவில் அதே வண்டி மறுபடி வந்தது. இந்த முறை முத்தையா இறங்கியதும் கராஜ் ஆட்கள் பின்வாங்கினார்கள். செய்தி பஸ்காரர்கள் வழியாக அவருக்கு முன்பே வந்திருந்தது. வண்டிக்கு அவர்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நடந்ததை முத்தையா நின்றபடியே சொன்னார். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெரியசாமியின் மனைவி அஞ்சலைக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள். பின்பக்கம் இரண்டு சீட்டுக்கு நடுவே, அடிப்பலகையில் கம்பளி விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். பெரியசாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தோட்டத்து எல்லை தாண்டியதும் வண்டி உதறத் தொடங்கியது. ஒவ்வொரு உதறலுக்கும் அவள் கத்தினாள். முத்தையா வேகத்தைக் குறைத்தார். மாட்டு வண்டி வேகத்துக்கு வந்த பிறகு உதறல் நின்று தட்டும் சத்தம் தொடங்கியது. அவளும் கத்துவதை நிறுத்தினாள். பலகையை அவள்தான் கையால் தட்டுகிறாள், சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று முத்தையா நினைத்தார். ஆனால் வேகம் கூட்டினால் உதறியது. மலையேற்றம் தொடங்கும் இடத்தில் தட்டுவது நின்றது. வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

“ஒடம்பு எப்பவோ ஆறிப்போயிருந்துச்சும்மா” என்றார் முத்தையா. “அந்த வெயில்ல சில்லுனு இருந்தா. அதுக்கு ஒரு நிமிஷம் முந்திவரைக்கும் தட்டிக்கிட்டே வந்தா. நான் கேட்டேன். பெரியசாமியும் கேட்டான்.”

அவர் கையில் துரை எழுதிய கடிதம் இருந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். வண்டி உதறியதால் மெதுவாக ஓட்டினேன் என்று டிரைவர் சொல்கிறான்; உங்கள் தாளோ குறை இல்லை என்கிறது. மறுபடி சோதித்து எழுதவும். குறை இல்லையென்றால் ஒரு பெண் சாகும் நேரத்தில் இவன் வழியில் தூங்கியிருக்கிறான் என்றுதான் பொருள், மாதம் முடியும்போது அனுப்பிவிடுவேன். அனுப்புவது என்றால் வேலை மட்டும் போவதில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர் குடியிருந்த காம்பராவும் போகும். முத்தையாவுக்கு மனைவியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். அதைவிட, ஒரே வரிசை லயத்தில் ஆறு காம்பரா தள்ளித்தான் பெரியசாமி இருந்தார்.

அன்று மாலை வண்டியை நான் தனியாக ஒருமுறை பார்த்தேன். பின் அடிப்பலகையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். இரண்டு பலகைக்கு நடுவே இடுக்கில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்று, பச்சை நிறம், விரல் நகம் அளவு. எடுக்கலாமா என்று யோசித்து எடுக்காமல் விட்டேன்.

காலையில் சோதனை. பாஸ் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினார். ஆனால் பாதத்தைப் பலகையில் வைப்பதற்கு முன் உதடு அசைய எதையோ ஓதினார். போகும்போதும் வரும்போதும் விரல் உயரவில்லை. நான் கொட்டகை வாசலில் நின்று தாளை எழுதத் தொடங்கினேன். முதல் கேள்வி, வெளித்தோற்றம்: மிகச் சுத்தம். ஒப்பிட்டுப் பார்க்க ஆடி மாதத் தாளின் எங்கள் நகலையும் பக்கத்தில் வைத்திருந்தேன். அதிலும் முதல் வரி அதேதான்: மிகச் சுத்தம்.

ஆவணியில் மொனராகலையிலிருந்து வரும் வண்டி சுத்தமாக இருக்க முடியாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதம். அந்தச் சாலையில் ஒரு மைல் ஓடினால் புழுதியில் கண்ணிமைகூடச் சிவந்துவிடும். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். ஆரக்கால் வெளி விளிம்பான வட்டையில் இறங்கும் பொருத்தில் ஆற்று மணல் ஈரமாக ஒட்டியிருந்தது. ஒரு ராத்திரி கடந்தும் ஈரம்.

முத்தையாவிடம் கேட்டேன். பசறைக்கு ஏறுவதற்கு முன் ஒரு ஓடை குறுக்கிடுகிறது, அதில் வண்டியை இறக்கி நிறுத்தி, கட்டுச்சோறு தின்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாராம். “பாஸ் மூஞ்சிக்கு முன்னாடி புழுதியோட கொண்டாந்து நிறுத்த முடியுமாங்க? பலகையில எழுதியிருக்கே” என்றார்.

மாட்டு வண்டி ஓட்டிய யாருக்கும் தெரிந்த விஷயம் இது. கோடையில் மரம் சுருங்கிச் சக்கரம் ஆடினால் ராத்திரி முழுக்கக் குளத்தில் போட்டுவைப்பார்கள். மரம் ஊறி இறுகும். நாங்கள் மூன்று பேரும் அதைத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் மோட்டார் வண்டி என்றதும் கோளாறை இரும்பிலேயே தேடினோம்.

“அதுவும் மரந்தானே முத்தையாண்ணே?” என்றேன்.

“மரந்தான். ஆனா சீமை மரமாச்சேம்மா.” சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “போன வருஷம் பின்சக்கரத்துல ரெண்டு கால் ஒடஞ்சு, தோட்டத்துத் தச்சர் புதுசா செஞ்சு போட்டாரு. பெயின்ட் அடிச்சதால தெரியாது” என்றார்.

பாஸ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கழுவினால் நோய் தெரியும், மறையாது என்றார். நான் ஆடித் தாளையும் அன்றைய தாளையும் அவர் முன் வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் இரண்டு தாளின் முதல் வரியும் ஒரே மாதிரி இருப்பது யாருக்கும் தெரியும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சோதனை முடியவில்லை, தோட்டத்திலேயே வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று துரைக்கு எழுதச் சொன்னார். முத்தையாவிடம், ஓடைக்குள் சக்கரம் நனையாமல் பாலம் வழியாகச் சுற்றிப் போ, அங்கே ஆறு நாள் துணிகூடத் தொடாதே என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நம்ப முடியாமல் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் தபால் பஸ்ஸில் நாங்கள் இருவரும் இறங்கினோம். எனக்குத் தோட்டத்து மருந்துக்காரர் வீட்டில் இடம் கொடுத்தார்கள். பாஸ் கடைத்தெருவில் தன் சொந்தக்காரர் கடையில் தங்கினார். மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்துக்குச் சோதனை வைத்தோம். அஞ்சலையைக் கொண்டுபோனதும் அந்த நேரத்தில்தான்.

வண்டி தகரக் கொட்டகையில் செம்மண் பூசியதுபோல நின்றது. பாஸ் அதைச் சுற்றிவந்தார். வெள்ளைத் துணியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

எட்டாவது கேள்வி பாரம். அன்றைக்கு எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இருந்ததோ அதே பாரம் அதே இடத்தில் இருக்க வேண்டும். அரிசிச் சாக்குகளை அடிப்பலகையில் கிடத்தச் சொன்னேன். இரண்டு சாக்கு வைத்தார்கள். கொட்டகையின் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் கிட்டே வந்தார். யாரும் சொல்லாமலே அவர்தான் பெரியசாமி என்று தெரிந்தது. வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றும், அவரைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது.

“அவ அவ்வளவு கனம் இல்லீங்க” என்றார்.

ஒரு சாக்கை எடுத்துவிட்டு மற்றதை அவிழ்த்து அரிசியைக் கொட்டிக் குறைத்தார்கள். அவர் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி கொட்டினார்கள். மூன்றாம் முறை தூக்கியவர் சாக்கைக் கீழே வைக்கவில்லை. அடிப்பலகையில் கிடத்தி, அதன் தலைப்பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டார். நானும் இருந்தேனே, என் பாரமும் வேண்டுமே என்றார். பாஸ் பின் சீட்டில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முத்தையா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அஞ்சலை போன நாளிலிருந்து அவரும் பெரியசாமியும் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிளம்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், பிறகு காய்ந்த காடு. காற்று எதிரே வந்து அடித்தது. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் உதறல் இல்லை. எட்டில் பாஸின் விரல் உயர்ந்தது. பதினெட்டில் என் முதுகுத்தண்டு சீட்டோடு சேர்ந்து ஆடியது. முத்தையாவின் கையைப் பார்த்தேன், ஸ்டீயரிங் அசையவில்லை. பின்பக்கம். கிளச்சை மிதிக்கச் சொன்னேன், உதறல் அடங்கவில்லை. இடப்பக்க வளைவு ஒன்று வந்தது, கூடியது. வலப்பக்க வளைவில் குறைந்தது. வலப் பின்சக்கரம் என்று எழுதினேன். இவ்வளவும் சாதாரணமாக எழுதினேன்.

பிறகு மாட்டு வண்டி வேகத்துக்கு இறக்கச் சொன்னேன்.

உதறல் கரைந்து தனித்தனியாகப் பிரிந்தது. டொக். டொக். டொக். ஒரு நொடிக்கு ஒன்று இருக்கும். அடிப்பலகைக்குக் கீழே விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். சரியாக வளையல் போட்ட கை தட்டினால் வருவதுபோல, ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய கிலுக்கு. அந்தப் பச்சைத் துண்டு இடுக்கிலேயே இருந்திருக்க வேண்டும்.

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். அந்த இடத்தில் சாலை லேசாகச் சரிந்திருந்தது, வண்டி தானாக ஓடியது. இன்ஜின் சத்தம் போனதும் காற்றும் நின்றதுபோல இருந்தது. காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. தட்டும் சத்தம் மட்டும் எங்களோடு வந்தது. கால் மைல் கல் ஒன்று கடந்ததும் எண்ணத் தொடங்கினேன். முந்தின நாளே சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்திருந்தேன்: ஏழு அடி பத்து அங்குலம். கால் மைலுக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது அடி. வகுத்தால் நூற்று அறுபத்தெட்டு. சக்கரமானால் நூற்று அறுபத்தெட்டுத் தட்டு வர வேண்டும். பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டானால் அதைப்போல நாலு மடங்கு. மனிதக் கையானால் இன்னதென்று கணக்கில்லை.

நூறு தாண்டியபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. ரொம்ப மெதுவாக, தூக்கத்தில் பேசுவதுபோல. “இந்தா இருக்கேன்.” கொஞ்சம் தள்ளி மறுபடி, “இந்தா இருக்கேன் புள்ள.” பெரியசாமி சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு தட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன்.

அடுத்த கல் வந்தபோது நூற்று அறுபத்தெட்டு.

இன்ஜினைக் கிளப்பி ஏற்றம் தொடங்கும் இடத்துக்குப் போனோம். ஏற்றத்தில் முன்சக்கரம் ஏறியதுமே தட்டுவது நின்றுவிட்டது. அதற்கும் காரணம் உண்டு. ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தை ஒரே பக்கமாக நெருக்கிப் பிடிக்கிறது. தளர்ந்த ஆரக்கால் அசைய வழியில்லை. அதையும் குறித்தேன். முத்தையா வண்டியை நிறுத்தினார். இன்ஜின் அணைந்தது. யாரும் அசையவில்லை.

அப்போது ஒரு தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று.

“இந்தா இருக்கேன்” என்றார் பெரியசாமி.

முத்தையா கீழே இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பாஸ் கண்ணைத் திறக்கவில்லை. நான் தாளில், நின்ற பின் ஒன்று என்று எழுதினேன்.

ஜாக் வைத்துத் தூக்கினோம். வலப் பின்சக்கரத்தில் தச்சர் போட்ட இரண்டு கால்களும் சக்கரத்தின் நடுக் குடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தன. பச்சை மரத்தைக் காயவைக்காமல் செதுக்கியிருக்கிறார். பாஸ் ஒரு காலைப் பிடித்து ஆட்டினார். டொக். மறுபடி ஆட்டினார். டொக். இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் ஏதோ ஒரு வளைவில் சக்கரம் சிதறி, வண்டியில் இருந்தவர்கள் மொத்தமாகப் பள்ளத்தில் போயிருப்பார்கள். அன்றைக்கு முத்தையா மெதுவாக ஓட்டியதால்தான் பெரியசாமி உயிரோடு இருந்தார். பாஸ் அதை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

பெரியசாமி சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தானும் அந்தக் காலை ஆட்டிப் பார்த்தார். சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டார். பிறகு முத்தையாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வெற்றிலைப் பை கைமாறியது மட்டும் தெரிந்தது.

கிளம்பும் நேரத்தில் பெரியசாமி என்னிடம் வந்தார்.

“நீங்க எல்லாத்தையும் எழுதினீங்களேம்மா. தட்டினது சக்கரம்னா, அவ எந்த எடத்துல போனா?”

“தெரியலைங்க” என்றேன்.

“எந்தக் கல்லுக்கிட்டன்னாச்சும்?”

என்னிடம் இருந்த எட்டு விடைகளில் எதுவும் அதற்கு விடையில்லை. அவள் இருக்கிறாள் என்று நினைத்து அவர் வழி நெடுகப் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். எதுவரை அவளுக்குச் சொன்னார், எங்கிருந்து மரத்துக்குச் சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதைத் தெரியாமல் ஆக்கியது நான் ஆடியில் எழுதிய ஒரு வரி. முத்தையா அன்றே சொன்னார், நாலைந்து நாள் கழித்துத்தான் வரும் என்று. அந்த ஒரு சொல்லுக்கு நான் தாளில் இடம் கொடுத்திருந்தால் சக்கரம் மாறியிருக்கும். வண்டி வேகமாக ஓடியிருக்கும். அவள் பிழைத்திருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது. அதற்கும் கணக்கில்லை.

அன்று மாலை மருந்துக்காரர் வீட்டு மேஜையில் தாளை எழுதினேன். கோளாறு, வலப் பின்சக்கரத்தில் இரண்டு கால்கள். அதை எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். முத்தையாவின் வேலைக்கு அது போதும். ஆனால் ஆடித் தாள் துரையின் பெட்டியில் இருக்கும்வரை, வண்டி அப்போது நன்றாக இருந்தது, பிறகு டிரைவர்தான் கெடுத்தான் என்று யாரும் சொல்லலாம். பழைய தாள் பிழை என்று எழுத வேண்டும். எங்கள் கராஜ் அதுவரை ஒரு தாளையும் பிழை என்று எழுதியதில்லை. பாஸிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“எழுது புள்ள” என்றார். “கழுவச் சொன்னது நான். அதையும் எழுது.”

எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். துரை அதை வாசித்துவிட்டு முத்தையாவை வேலையில் வைத்துக்கொண்டார். தச்சர் போட்ட சக்கரத்தை எரித்துவிட்டுக் கொழும்பிலிருந்து வேறு சக்கரம் வரவழைத்தார்கள். நாங்கள் பதுளைக்குத் திரும்பிய அன்று பாஸ் வாசல் பலகையைத் தானே ஆணி பிடுங்கிக் கழற்றினார். மார்கழியில் முத்தையா வண்டியை வழக்கமான சோதனைக்குக் கொண்டுவந்தார், தலைமுதல் கால்வரை சேறு. “கழுவலைங்க பாஸ்” என்றார். “தெரியுது, தெரியுது” என்று பாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் புதுத் தாளில் ஒன்பதாவது கேள்விக்கு நேரே, கழுவவில்லை என்று எழுதினேன்.

ஆகவே தங்கச்சி, அந்தக் கேள்வியை எடுக்க வேண்டாம். இரும்புச் சக்கரம் ஊறாது, உண்மைதான். ஆனாலும் நம்மிடம் வருகிறவர்கள் நமக்குப் பிடித்தபடிதான் வண்டியைக் கொண்டுவருவார்கள். எதைக் கழுவிவிட்டு வந்தார்கள் என்று கேட்க ஒரு இடம் இருக்கட்டும்.

இன்னொன்று. பழைய தாள்களை நீ ஒழுங்குபடுத்துவதாக எழுதியிருந்தாய். அந்த ஆவணித் தாள் உன் கையில் வரும். கடைசி வரியில் “நின்ற பின் ஒன்று” என்று இருக்கும், அதற்கு எதிரே காரணம் எழுதும் கட்டம் காலியாக இருக்கும். பாரம் இறங்கியதும் ஆரக்கால் தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் அது என்று பாஸ் பிறகு சொன்னார். அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் வண்டியிலிருந்து யாரும் இறங்கியிருக்கவில்லை. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிடு.